படங்கள் வந்த வழியில்

முதல் நாள், திங்கள். கோவை – கூடலூர்

கோவை மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்தில் காலை 6 மணிக்கெல்லாம் கூடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. போக வேண்டும், போக வேண்டும் என்று 9 வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம்.

நான் ரேடியாலஜிஸ்ட். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். பகலில் கோவையில் ஒரு மருத்துவமனையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் மட்டும் இரவு 8 மணிக்கு வீட்டு அறையில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மானிட்டர் முன்னால் உட்காருவேன். மலையிலும் காட்டோரத்திலும் இருக்கிற சிறு மருத்துவமனைகளின் படங்கள் அந்த நேரத்தில் வரும். அங்கே எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது, எடுக்க ஆள் இருக்கிறார். எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. நீலகிரியின் பந்தலூர்ப் பக்கத்து மனிதர்களின் நெஞ்சுக்கூட்டை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த வாரம் விடுப்பு போட்டுக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று ஊர்ப் பெயரை எழுதுவேன். மருத்துவமனைகளின் பெயரை எழுதப் போவதில்லை, நோயாளிகளின் தனிமைக்காக.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மா "எக்ஸ்ரே படத்தை போன்ல அனுப்புவாங்களா?" என்று கேட்டார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். போனில் பிடித்து அனுப்பும் படமும் வரத்தான் செய்கிறது, அதைப் பற்றி நாளை எழுதுகிறேன். முறையாக வருவது வேறு. மெஷினிலிருந்து டைகாம் என்ற வடிவத்தில் கோப்பு வரும். எந்த நிறுவனத்து மெஷினாக இருந்தாலும் எந்தக் கணினியிலும் திறக்கும்படி 1980-களில் தொடங்கி 1993-ல் முழு வடிவம் பெற்ற பொது ஏற்பாடு அது. சிடியில் ஒரு குறுக்குவெட்டுப் படம் அரை எம்பி. தடிமனான வெட்டுகளாக எடுத்தால் ஒரு தலை சிடியில் 30, 40 படம் இருக்கும். மெல்லிசாக எடுத்தால் இருநூறைத் தாண்டும். கோவையில் அத்தனையையும் அனுப்புவது சில நொடி வேலை. மலையில் மழை இரவில் அப்படியில்லை.

3 வருடத்துக்கு முன்னால் அப்படியொரு இரவில் ஒரு தலை சிடி வந்தது. பைக்கிலிருந்து விழுந்தவர். வந்த வரை பார்த்தேன், ரத்தக்கசிவு எங்கும் இல்லை. 'கசிவு இல்லை' என்று டைப் செய்து முடிக்கும்போது திரையின் ஓரத்தில் படங்களின் எண்ணிக்கை 19-லிருந்து 23 ஆனது. இன்னும் வந்துகொண்டிருந்தது! கை நடுங்கிவிட்டது. 31-வது படத்தில், உச்சந்தலைக்குக் கிட்டே, மண்டையோட்டை ஒட்டிப் பிறை போல வெள்ளையாக ரத்தம் தெரிந்தது. அன்றிலிருந்து எத்தனை அவசரமானாலும் முதலில் போன் போட்டு "எத்தனை படம் அனுப்பினீங்க?" என்று கேட்காமல் ஒரு வரி எழுதுவதில்லை.

ஊட்டியில் இறங்கி ஒரு டீ. புல்லில் உறைபனி வெயிலில் உருகிக்கொண்டிருந்தது. பைக்காரா, நடுவட்டம், அப்புறம் ஊசிமலை. அங்கிருந்து பார்த்தால் கூடலூர் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கூடலூர் அதில் பாதி. நடுவில் 50 கிலோமீட்டர்தான், ஆனால் பஸ் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. நோயாளியின் பக்கமிருந்து இந்தச் சாலையை இதற்குமுன் நான் யோசித்ததில்லை. கூடலூரில் ஒருவருக்கு உடம்பு மோசமானால், மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 'மேல் சிகிச்சைக்கு அனுப்பவும்' என்று ரிப்போர்ட்டின் கடைசி வரியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! இந்த வளைவுகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அந்த வரியின் எடை தெரிந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய். தேவாலாவுக்கு அப்பால்

தேவாலா தமிழ்நாட்டில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. 1880-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தங்கம் தேடி இந்த மலைகளைத் துளைத்தன. இப்போது எங்கு பார்த்தாலும் தேயிலை. நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. மிளகு பறிக்கிற பருவம் இது. ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, முப்பது நாற்பது அடி உயரத்தில் நிற்கிறார்கள்.

மருத்துவமனை ஓட்டுக் கட்டடம். 30 படுக்கை, மூன்று டாக்டர்கள். எக்ஸ்ரே அறையில் என்னை வரவேற்றவர் 15 வருடமாக அங்கே படம் எடுக்கும் டெக்னீசியன். போனில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், நேரில் இதுதான் முதல் தடவை. "மேடம், குரல் வச்சு நீங்க ரொம்ப உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மேஜையில் ஒரு சின்ன ஈய எழுத்து கிடந்தது. படத்தில் இடது பக்கம் எது என்று காட்ட வைக்கிற எல் என்ற ஆங்கில எழுத்து. அதன் கீழ்க்கோடு பாதி உடைந்திருக்கிறது. பின்னால் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். 9 வருடமாக இந்த உடைந்த 'எல்' எழுத்தைத் திரையில் பார்த்துவருகிறேன். அதைப் பார்த்தாலே எந்த ஊர்ப் படம், யார் எடுத்தது என்று தெரிந்துவிடும், இந்தப் படத்தை நம்பலாம் என்று மனசு அமைதியாகும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு புளியங்கொட்டை அளவுதான்.

காலை முழுக்க அவர் பக்கத்தில் நின்றேன். ஒரு நெஞ்சுப் படத்துக்கு எத்தனை வேலை! சங்கிலியைக் கழற்றச் சொல்ல வேண்டும். கூந்தலை மேலே தூக்கிக் கட்ட வேண்டும், பின்னல் நுரையீரல்மேல் விழுந்தால் நோய் மாதிரியே தெரியும். தோளை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்க வைக்க வேண்டும், பாதி மூச்சில் எடுத்த படத்தில் நல்ல நுரையீரலும் சளி கட்டியது போலத் தெரியும். அதை ஒருவருக்குத் தமிழில் சொல்கிறார், அடுத்தவருக்கு "ஸ்வாசம் வலிச்சு பிடிக்கு" என்று மலையாளத்தில். காட்டுநாயக்கர் குடியிருப்பிலிருந்து வந்த பாட்டிக்கு எந்த மொழியிலும் சொல்லவில்லை. எதிரே நின்று தானே மூச்சை இழுத்துக் கன்னம் உப்பிக் காட்டினார், பாட்டியும் அப்படியே செய்தார். நான் கோவையில் உட்கார்ந்து 'நல்ல படம்' என்று ஒரு நொடியில் கடந்து போவது இப்படி உருவாகிறது. இவர் சரியாகச் செய்யாவிட்டால் என் 20 வருடப் படிப்பு எதற்கும் ஆகாது.

இனி மாலை நடந்தது. இரவு 11 மணிக்கு எழுதுகிறேன், இன்னும் மனசு அடங்கவில்லை.

5:30 மணிக்கு ஒரு ஜீப்பில் நால்வர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிளகு பறிக்க ஏறி சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தவர். வயது 38. இடது விலாவில் வலி, முதுகிலும் வலி. தண்டுவடத்தில் அடி இருக்கலாம் என்பதால் உட்கார வைக்க முடியாது. படுத்த நிலையிலேயே படம் எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் படித்து முடித்து இரண்டு வருடம் ஆன இளைஞர். விலா எலும்பு இரண்டு உடைந்திருப்பது அவருக்கே தெரிந்தது. "நுரையீரல் எப்படி இருக்கு மேடம்?" என்று என்னைக் கேட்டார்.

பார்த்தேன். எக்ஸ்ரே அறையின் சாதாரணக் கணினித் திரை அது. பின்னால் ஜன்னல் வெளிச்சம். சாம்பல் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். இடது பக்கம் கீழே ஏதோ சரியில்லை என்று தோன்றியது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ மருத்துவமனைகளின் டாக்டர்கள் இப்படிப்பட்ட திரைகளில்தான் படம் பார்க்கிறார்கள். அதையே போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் மோசம். போன் கேமரா பிடிப்பது படத்தின் ஒரு தோற்றத்தை மட்டும். அதில் இல்லாத சாம்பல் நிறத்தை நான் எங்கிருந்து எடுப்பேன்? அப்படி வருகிற படத்துக்கு ரிப்போர்ட் கேட்டால் மறுத்துவிடுவேன். அதற்காகக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. இன்று அந்த மறுப்பு சரிதான் என்று நிச்சயமானது.

படம் கோவைக்குப் போனது. 10 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கே 4 நிமிடம். இன்று பணியில் என் சக டாக்டர். நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் அவருக்கு முன்னால் வேறு ஊர்களின் படங்களும் வரிசையில் இருக்கும். அவசரம் என்று குறியிட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

காத்திருப்பது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுமுனையில் நான் உட்கார்ந்திருக்கும்போது 20 நிமிடம் என்பது நல்ல வேகம். இங்கே அந்த 20 நிமிடமும் ஒரு மனிதர் கட்டிலில் முனகுகிறார். அவர் மனைவி மாற்றுச் செருப்பு போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறார், ஒரு காலில் நீலம், ஒரு காலில் கறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி 94 காட்டியது. பிறகு 93. வெளியே ஜீப்காரர் "ஊட்டிக்கா பத்தேரிக்கா, சொல்லுங்க, டீசல் போடணும்" என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

ஸ்கேன் மெஷின் ஒன்று அடுத்த அறையில் இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு உரசி நகர்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அது புதன்கிழமை வரும் மகப்பேறு மருத்துவரின் பெயரில் பதிவானது, மற்ற நாள் பூட்டியிருக்கும். கருவில் பெண் என்று தெரிந்து கலைப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம் அது, பதிவில் இல்லாதவர் அந்த மெஷினைத் தொட முடியாது. அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் எக்ஸ்ரே போல அல்ட்ராசவுண்டைத் தொலைவிலிருந்து செய்வது கடினம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். எக்ஸ்ரேயை யார் எடுத்தாலும் நான் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் கையும் கண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும்.

22-வது நிமிடம் போன் அடித்தது. ரிப்போர்ட் எழுதும் முன்பே சக டாக்டர் இளம் டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்.

"டாக்டர், இடது பக்கம் விலாவும் உதரவிதானமும் சேர்ற மூலை பாருங்க. வலது பக்கத்தைவிட ரொம்ப கீழே, கறுப்பா ஆழமா இறங்குது. படுத்திருக்கறதால காத்து முன்பக்கமா அங்கே போய் நிக்குது. நுரையீரலைச் சுத்திக் காத்து இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி டியூப் போட்டுடுங்க. எங்கே அனுப்பறீங்க?"

"ஊட்டிக்கு சார்."

"ஏத்தாதீங்க."

நேற்று பஸ்ஸில் ஏறி இறங்கிய அந்த ஆயிரம் மீட்டர் ஞாபகம் வந்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நெஞ்சுக்குள் சிக்கிய காற்று விரியும், இங்கிருந்து ஊட்டிக்குப் போவதற்குள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பெருக்கும். நுரையீரலை அந்த அளவு இன்னும் நசுக்கும், வளைவுகள் நிறைந்த சாலையில், ஒரு ஜீப்பின் பின்சீட்டில். சுல்தான் பத்தேரி கேரளாவில் இருக்கிறது, ஆனால் ஏறக்குறைய இதே உயரம். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் தலைமுறையாக வைத்தியத்துக்குப் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போகிறவர்கள்தான்.

இளம் டாக்டர் படிக்கும்போது மூன்று முறை டியூப் போட்டிருக்கிறாராம். சக டாக்டர் போனை வைக்கவில்லை, ஸ்பீக்கரில் கூடவே இருந்தார். செவிலியர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் தயாராக வைத்தார். விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் உள்ளே போனதும் பாட்டில் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. கொஞ்ச நேரத்தில் 96. அவர் மனைவி அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். 7:10-க்கு ஆம்புலன்ஸ் பத்தேரிக்குக் கிளம்பியது.

எழுத்து ரிப்போர்ட் அதற்கப்புறம்தான் வந்தது. நான்கு வரி. நல்ல ரிப்போர்ட். அன்றைய வேலையைச் செய்தது அந்தப் போன் அழைப்பு.

மூன்றாம் நாள், புதன். அதே மருத்துவமனை

பத்தேரியிலிருந்து காலையில் தகவல் வந்தது. நன்றாக இருக்கிறார். முதுகெலும்பில் சின்ன விரிசல், தண்டுவடத்துக்கு ஒன்றுமில்லை.

இன்று வெளிநோயாளிகள் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இரண்டு மாத இருமல். இவர் அப்பா, அம்மா 1970-களில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் ஒன்று. அவர்களுக்காகவே அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. "எங்கம்மா சளி நோவுலதான் போனாங்க. எனக்கும் அதுதானோன்னு ராத்திரி தூக்கமே இல்ல" என்றார்.

சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் படமும் எடுத்தார்கள். நெஞ்சுப் படத்தில் காசநோய் இருக்கலாமா என்று பார்க்கக் கணினி நிரல்கள் வந்துவிட்டன. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவற்றை மனிதக் கண்ணுக்குப் பதிலாகவே பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. எங்கள் அமைப்பிலும் ஒன்று ஓடுகிறது, சந்தேகமான படத்தை வரிசையில் முன்னால் தள்ளிவிடும். எனக்கு அது பெரிய உதவி. ஒரு நாளில் நூறு படம் வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டுமே.

அந்த அம்மாவின் படத்தில் ஒன்றும் இல்லை. நார்மல்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லை ஒரு நாளில் அறுபது முறை எழுதுவேன். எழுதும்போது அடுத்த படத்தில் கண் இருக்கும். இங்கே அதன் கணக்கு வேறு. ரிப்போர்ட் போட ஆள் இல்லாத காலத்தில், சந்தேகம் என்றால் ஊட்டிக்கோ கோவைக்கோ போகச் சொல்வார்களாம். ஜீப் வாடகை பத்து நாள் கூலி. துணைக்கு ஒருவர் வர வேண்டும், அவர் கூலியும் போச்சு. பாதிப்பேர் போகாமலே இருந்துவிடுவார்கள். இப்போது மதியத்துக்குள் அதே டாக்டர் வாயால் பதில் கிடைத்துவிடுகிறது. "சளி ரிசல்ட்டும் வரட்டும்மா, ஆனா படம் சுத்தமா இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் அந்த அம்மா எழுந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் நேரே வேலைக்குப் போய்விட்டார், பிற்பகல் எடைக்கு முன்னால் கொஞ்சம் கொழுந்து எடுத்துவிடலாம் என்று.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். 6 வருடத்துக்கு முன்னால் இந்தப் பகுதியிலிருந்து ஒரு இடுப்புப் படம் வந்தது. 19 வயதுப் பையன். கோரிக்கைத் தாளில் 'இடுப்பு வலி', அவ்வளவுதான். தொடை எலும்பின் தலைப்பகுதி தட்டையாக நசுங்கியிருந்தது. மூட்டுக் காசநோயாக இருக்கலாம் என்று எழுதினேன். அடுத்த நாள் அங்கிருந்த டாக்டர் கூப்பிட்டார். "மேடம், அவன் பணியர் பையன். சிக்கிள் செல் இருக்கு" என்றார். தலையில் அடித்தது போல இருந்தது. பணியர், குறும்பர் போன்ற இந்த மலையின் பழங்குடிகளிடம் அந்த ரத்த நோய் அதிகம். அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள் எலும்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும், எலும்பின் தலை செத்து நசுங்கும். படத்தில் அது அப்படியே இருந்தது. நான் கோவையின் கண்ணால் பார்த்தேன். அந்த டாக்டர் கூப்பிடாமல் விட்டிருந்தால் அந்தப் பையன் மாதக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை சாப்பிட்டிருப்பான்.

தப்பு என்னுடையது. நான் கேட்டிருக்க வேண்டும். அப்போதிருந்து எங்கள் கோரிக்கைப் படிவத்தில் இரண்டு வரி கட்டாயம்: என்ன ஆச்சு, எத்தனை நாளா, தெரிந்த நோய் ஏதும் உண்டா. அது காலியாக இருந்தால் போன் போடுவோம். இன்று டெக்னீசியன் அந்தப் படிவங்களின் கட்டு ஒன்றைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் நீலப் பேனாவில் மூன்று, நான்கு வரிகள். 'அட்டை கடித்த இடம் கட்டினோம், அதற்கப்புறம் காய்ச்சல்.' 'வீட்டில் விறகடுப்பு.' 'அண்ணனுக்குச் சிக்கிள்.' நோயாளியைப் படத்துக்கு நிறுத்தும்போதே பேச்சுக் கொடுத்து வாங்கிவிடுகிறாராம். இவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை, சம்பளமும் இதற்கில்லை.

நான்காம் நாள், வியாழன். கூடலூர் – தாளவாடி

தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டை, சாம்ராஜ்நகர் என்று கர்நாடகத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்குள். முதுமலையிலிருந்து பந்திப்பூர் போகும் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும், 2009-லிருந்து அப்படித்தான். யானைகளுக்கு அந்த இரவு தேவை. ஆம்புலன்ஸை விடுவார்கள்.

தாளவாடி ஈரோடு மாவட்டம். ஈரோடு நூறு கிலோமீட்டருக்கும் மேல், நடுவே திம்பம் மலைப்பாதை. சாம்ராஜ்நகர் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் வேறு மாநிலம். தெருவெல்லாம் கன்னடம். நான் ரிப்போர்ட் பார்க்கும் சிறு மருத்துவமனையில் இங்கே படம் எடுக்கும் தம்பி "உசிரு எளெதுகொள்ளி, ஹிடிதுகொள்ளி" என்கிறார். உசிரு என்ற சொல் காதில் விழுந்ததும் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

இங்கே எக்ஸ்ரே மட்டும்தான். சிடி இல்லை. மதியம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார். அவர் தம்பிக்குப் போன வருடம் ஒரு மாலை வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் நின்றுவிட்டது. பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், நாலரை மணி நேரத்துக்குள். ஆனால் மூளையில் கசிவு இருந்தால் அதே ஊசி உயிரைக் கொல்லும். இரண்டில் எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, சிடி எடுத்தே ஆக வேண்டும். வண்டி பிடித்து, எங்கே போவது என்று முடிவெடுத்து, சிடி இருக்கிற இடத்தை அடைந்தபோது 5 மணி நேரம் கடந்துவிட்டது. தம்பி இப்போது இடது கையால் சாப்பிடுகிறார்.

"நீங்க பாக்கறதா இருந்தா என்னம்மா செஞ்சிருக்கலாம்?" என்று கேட்டார் ஆசிரியர். படம் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன் ஐயா, படம் எடுக்க இங்கே மெஷின் இல்லையே என்றேன். இதை எழுதும்போதும் வலிக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இரவுப் படங்களை நம் பகலில் இங்கே உட்கார்ந்து பார்க்க, பெங்களூரில் 2002-லேயே ஒரு நிறுவனம் தொடங்கிவிட்டது. கடலைத் தாண்டி அத்தனை தூரம் படங்கள் வரத் தொடங்கி இத்தனை வருடம் ஆகிவிட்டது. தாளவாடியில் ஒரு சிடி மெஷின் கேட்பது பெரிய ஆசையா? மெஷின் மட்டும் போதாது, அதற்கு நிற்காத கரண்ட் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், 24 மணி நேரமும் டெக்னீசியன் வேண்டும், அதெல்லாம் எனக்குத் தெரியும். படம் பார்க்கும் டாக்டரை மட்டும் நாங்கள் ஏற்கெனவே அனுப்பி வைத்துவிட்டோம், கம்பி வழியாக.

ஐந்தாம் நாள், வெள்ளி. திம்பம் – கோவை

27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றதில் அரை மணி நேரம் எல்லாம் நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பண்ணாரியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, சத்தியமங்கலத்தில் சாப்பாடு. 4 மணிக்கு வீடு.

இரவு 8 மணிக்கு விளக்கை அணைத்து உட்கார்ந்தேன். 14 படங்கள் காத்திருந்தன. ஐந்தாவதைத் திறந்ததும் மேல் மூலையில் கீழ்க்கோடு உடைந்த எல். வயது 61, ஆண், நெஞ்சுப் படம். படிவத்தில் நீலப் பேனா எழுத்து: 'நான்கு நாள் காய்ச்சல், நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, மாடு மேய்ப்பவர், அக்குளில் கறுப்பாக ஒரு புண்.' தோள்பட்டை எலும்பு இரண்டும் நுரையீரலை விட்டு விலகியிருந்தன. தோளைப் பிடித்து முன்னால் தள்ளியிருப்பார். மூச்சு முழுதாக இழுத்திருந்தது. கன்னம் உப்பிக் காட்டினாரோ என்னவோ.

இரண்டு நுரையீரலிலும் கீழ்ப்பகுதி மங்கலாக இருந்தது. அக்குளில் கறுத்த புண் என்றால் உண்ணிக் காய்ச்சலை முதலில் நினைக்க வேண்டும், படத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது. போனை எடுத்தேன்.

"சொல்லுங்க மேடம், வீட்டுக்கு நல்லபடியா போய்ச் சேந்தீங்களா?"

"சேந்துட்டேன். அந்த மாடு மேய்க்கிறவர் இன்னும் அங்கேதானே இருக்கார்? டியூட்டி டாக்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."